பதினோராம் குரல்

சொல்லிவிட வேண்டும், ஜமாலியா பஸ் ஸ்டாப் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன், ஜமாலியா போய்விட்டது. இப்போது ஓட்டேரி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மகள் ஷர்லின் ஓட்டுகிறாள், நான் பின்னால். கண்புரை ஆபரேஷன் ஆன இடது கண்ணை எழும்பூரில் டாக்டரிடம் காட்ட வேண்டும், அதற்காக ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டிருக்கிறாள். கறுப்புக் கண்ணாடி, அதற்கு மேல் ஹெல்மெட், அதற்குள் நான். எனக்குத் தெரிவது அவளுடைய முதுகு மட்டும்தான். முகத்தைப் பார்த்தே சொல்ல முடியாததை முதுகிடம் எப்படிச் சொல்வது. "டாடி, ஸ்பீட் பிரேக்கர்," என்கிறாள். இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். நல்ல குரல், கொஞ்சம் மூக்கில் படுகிற குரல், காலையில் சீக்கிரம் எழுந்தால் அடியில் ஒரு கரகரப்பு இருக்கும், இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்று நேற்று வரைக்கும் சத்தியம் பண்ணியிருப்பேன். பெரம்பூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், எபநேசருக்குக் காது என்றால் காது, லோக்கோ ஷெட்டில் இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த டிரைவர் ஓட்டுகிறான் என்று சொல்வான் என்பார்கள். சொல்லியிருக்கிறேன், பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன். ப்ளூஸ், சோல் என்று அமெரிக்கக் கறுப்பர்களின் துக்கப் பாட்டைப் பாடுகிற புதுப்பிள்ளைகளை இந்த ஊரில் மூலை மூலையாகத் தேடிப் பிடித்து மேடையேற்றுகிறவன் நான். கூட்டத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே இவனுக்குப் பாட்டு வரும் என்று கண்டுபிடித்துவிடுவேன், அவனுக்கே தெரியாததை. அப்படிப்பட்ட காது. இன்று காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கிளாரன்ஸ் போன் பண்ணினான்.

"உக்காந்துட்டு இருக்கியா மேன்?" என்றான். கிளாரன்ஸ் பேஸ் கிட்டார்காரன், ஆங்கிலோ இந்தியன், நானும் அவனும் ரயில்வேயில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். வேப்பேரியில் மாதாமாதம் 'நீல வெள்ளி' என்று நாங்கள் நடத்துகிற கச்சேரிக்கு நான் காது, அவன் மற்ற எல்லாம். நின்னுட்டுதான் இருக்கேன், சொல்லு என்றேன், வாயில் நுரையோடு. "பதினொன்னு யாரு தெரியுமா?" என்றான். எனக்கு எப்படித் தெரியும், தெரியக் கூடாது என்பதுதானே ஏற்பாடே. டிசம்பர் மாதக் கச்சேரி புதுக் குரல்களுக்கென்றே நடப்பது. பாட்டு அனுப்புகிறவர்களின் பெயரைக் கிளாரன்ஸ் எடுத்துவிடுவான், எண் மட்டும் போட்டு எனக்கு அனுப்புவான். பெயர் தெரிந்தால் காது பொய் சொல்லும் என்று அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான், சும்மா போடவில்லை, முன்பெல்லாம் போதகரின் மச்சான் மகன், யூனியன் செயலாளரின் கொழுந்தியாள் என்று வருகிறவர்களையெல்லாம் பாட வைத்து எங்கள் மானம் போயிருக்கிறது. கேட்டுவிட்டு ஒவ்வொரு எண்ணுக்கும் என் அபிப்பிராயத்தை போனில் பேசி அனுப்புவேன், கிளாரன்ஸ் அதை அப்படியே பாடினவருக்குத் தள்ளிவிடுவான். மழுப்பல் கிடையாது, 'தங்கள் முயற்சி பாராட்டத்தக்கது' கிடையாது, என் வாயிலிருந்து வந்தது அப்படியே போகும். எல்லாம் போன பிறகுதான் பெயர்களைத் திறந்து பார்ப்போம். "குளோரி செபாஸ்டியன்னு போட்ருக்கு மேன்," என்றான் கிளாரன்ஸ். "நான் உன் கல்யாணத்துல வாசிச்சவன். அந்தப் பேரு எனக்கு மறக்குமா? வேற நம்பர்ல இருந்து அனுப்பியிருக்கு, ஆனா அட்ரஸ் உன் வீட்டு அட்ரஸ்." குளோரி என் மனைவி. செபாஸ்டியன் என் மாமனார். குளோரி செத்து மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் அந்தப் பெயரை எடுத்துப் போட்டுக்கொள்ள இன்னொருத்திதான் இருக்கிறாள். நுரையைத் துப்பினேன். பதினொன்றுக்கு நான் என்ன சொன்னேன் என்று எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை, அதையும் கிளாரன்ஸிடம்தான் கேட்டேன். "நீயே கேட்டுக்கோ மேன்," என்றான்.

கேட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, போனைக் காதில் அமுக்கிக்கொண்டு, வயதான திருடன். முதலில் என் குரல். என் குரல் எனக்குப் பிடிக்காது, தொண்டையில் கறிக்குழம்பு ஊற்றினது போல இருக்கும், ஆனால் என்ன நிச்சயம் அந்தக் குரலில். "பதினொன்னு. சுருதி சுத்தமா இருக்கு, குரல்ல குத்தம் சொல்ல முடியாது. ஆனா இது சோல் இல்ல. கஷ்டம்னா என்னான்னு தெரியாத வீட்டுல வளந்த புள்ள. யாரோ பட்டத கேட்டு எழுதிட்டு வந்து பாடுது. போயி கொஞ்சம் வாழ்ந்துட்டு வாம்மா." அவ்வளவுதான். கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு, என் வாக்கியம் எனக்கே பிடித்துப்போன சிரிப்பு. அதற்குப் பிறகு பாட்டைப் போட்டேன். கிட்டார் இல்லை, எதுவும் இல்லை, மேசையிலோ எதிலோ விரலால் தட்டுகிற சத்தம், அதன் மேல் தமிழில் ஒரு ப்ளூஸ். 'திரும்பிப் படும்மா, போர்வைய மாத்தணும்' என்று முதல் வரி. ப்ளூஸ் சட்டப்படி அதே வரி இன்னொரு தடவை, 'திரும்பிப் படும்மா, போர்வைய மாத்தணும்.' மூன்றாவது வரி பதில் சொல்ல வேண்டும், அறைய வேண்டும் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். 'விடியறதுக்கு நேரம் இருக்கு, எனக்கும் கொஞ்சம் தூங்கணும்.' போன வாரம் இதைக் கேட்டபோது மூன்றாவது வரி அறையவில்லை, சும்மா வந்து உட்காருகிறது, இந்தப் பெண் நோயாளி பக்கத்தில் ஒரு நாள் இருந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஷர்லின், "டாடி, டேங்க் காலியாயிடும்," என்று கத்தினாள்.

"ரோட்ட நோண்டிப் போட்டுட்டானுங்க டாடி, சுத்திதான் போகணும்," என்கிறாள் இப்போது. மெட்ரோக்காரர்கள் தகரத்தை அடைத்து வைத்திருக்கிறார்கள். சுத்தி என்றால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, நல்லது. ஓட்டேரியைச் சொல்லாமலே தாண்டியாயிற்று, புரசைவாக்கம் என்று வைத்துக்கொள்வோம். என்ன சொல்வது என்பது தெரிந்தால் எங்கே சொல்வது என்பது ஒரு பிரச்சினையா. 'அம்மா, நான் தப்பா சொல்லிட்டேன், உன் பாட்டு நல்லாருக்கு.' நல்லாருக்கிறதா? அதுதானே எனக்குத் தெரியவில்லை. குளியலறையில் கேட்டபோது எனக்கு மார்பை அடைத்தது, பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு மூச்சும் தெரிந்தது, 'போர்வைய' என்பதற்கு முன்னால் அவள் மூச்சை அடக்கிக்கொள்கிறாள், பாரம் தூக்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள், ஒரு உடம்பைத் தூக்கிப் புரட்டுகிறவள் அப்படித்தான் மூச்சை அடக்குவாள், மூன்றாவது வரி அறையாமல் வந்து உட்காருகிறது என்றால் அவளுக்கு அறைவதற்குத் தெம்பு இல்லை, அதுதான் அந்தப் பாட்டு. இவ்வளவும் கேட்டது. ஆனால் யாருடைய பாட்டு என்று தெரிந்த பிறகு கேட்டது. பெயர் தெரிவதற்கு முன்னால் இதே காதுதான், இதே பாட்டுதான், ஒன்றும் கேட்கவில்லை. அப்படியென்றால் பாட்டில் அது இருக்கிறதா, இல்லை நான் கொண்டுபோய் வைக்கிறேனா? அப்பன் காது கேட்டது நிஜமா, ஆள் தெரியாத காது கேட்டது நிஜமா? போதகரின் மச்சான் மகன் பாடும்போது போதகருக்கும் இப்படித்தான் மார்பு அடைத்திருக்கும், நாம் அவரைப் பார்த்துச் சிரித்தோம். பெயர் தெரியாமல் கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டவனே நான், இனிமேல் அந்தப் பாட்டை என்னால் பெயர் தெரியாமல் கேட்க முடியாது. ஆயுசுக்கும் முடியாது. அது நல்ல பாட்டா இல்லையா என்று உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் தெரியும், எனக்கு மட்டும் தெரியப்போவதில்லை. கிளாரன்ஸுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. "எடுத்த நாலு பேர்ல ஒருத்தன் வரலன்னுட்டான். போஸ்டர் மதியானம் அடிக்கக் குடுக்கணும். பாப்பா பேரப் போட்டுடவா? சொல்லு மேன்," என்று கேட்டான். டாக்டரிடம் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றேன். போட்டால் அப்பன் தூக்கி வைத்த பிள்ளை, அவளுக்கே தெரியும். போடாவிட்டால் அப்பன் தள்ளிவிட்ட பிள்ளை, இரண்டாவது தடவையாக. வேறு பெயரில் அனுப்பினாளே, ஏன் அனுப்பினாள்? என் மகள் என்று தெரியாமல் நான் எழுந்து உட்கார வேண்டும் என்றுதானே. வீட்டில் வந்து, 'இன்னிக்கி ஒரு பொண்ணு பாடி அனுப்பியிருக்கு பாரு ஷர்லி, கொன்னுட்டா' என்று நான் சொல்வேன், அவள் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே அப்படியா என்பாள், அதற்காகத்தானே. ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒரு பிள்ளையைப் பற்றி அவளிடம் அப்படித்தான் வந்து சொல்லியிருக்கிறேன், அவள் அடுப்பங்கரையில் நின்று கேட்டிருக்கிறாள். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தான் என்பார்கள். அதுகூட சரியில்லை, வெண்ணெய் வந்து கதவைத் தட்டினது, நான் தாழ்ப்பாள் போட்டேன்.

ஆரோன் ஞாபகம் வருகிறது. ஏன் இப்போது ஆரோன். ஆவடிக்காரன், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, மவுத் ஆர்கன் வாசிப்பான், அவனைக் கண்டுபிடித்தது நான்தான் என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆவடியில் ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குப் பின்னால், கை கழுவுகிற இடத்தில் அவன் யாருக்கோ வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஈரக் கையோடு நின்றுவிட்டேன். அவனுக்கு அம்மா இல்லை, அப்பா குடித்துவிட்டு அடிப்பார், தங்கையை அவன்தான் படிக்க வைத்தான், எல்லாம் எனக்குத் தெரியும், அவனோடு டீக்கடையில் உட்கார்ந்து ராத்திரி பத்து மணி வரை கேட்டிருக்கிறேன், கண்ணில் தண்ணீர் வரக் கேட்டிருக்கிறேன். அந்த ராத்திரிகளில் நோயில் கிடந்த குளோரிக்கு வயிற்றில் கட்டின நீரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, அதே ராத்திரி இல்லை, அந்த மாதங்கள். குளோரிதான் போகச் சொன்னாள், அது பொய்யில்லை. "நீங்க மூஞ்சத் தூக்கி வெச்சிட்டு எதிர்க்க உக்காந்திருந்தா எனக்கு பயமா இருக்கு, போயிட்டு வாங்க, எங்கயாவது பாட்டு கேட்டுட்டு வாங்க," என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை அவள் பார்த்திருப்பாள். ஷர்லினும் பார்த்திருப்பாள், அவள் எப்போதும் அங்கேதானே இருந்தாள், வேலையை விட்டுவிட்டு இருந்தாள், இரண்டு வருஷம். நான் வெள்ளிக்கிழமை போவேன், சனிக்கிழமை போவேன், பிறகு செவ்வாய்க்கிழமையும் யாரோ ஒரு பையன் ராயபுரத்தில் பாடுகிறான் என்று போவேன். திரும்பி வந்தால் வீடு துடைத்து வைத்திருக்கும், டெட்டால் வாசனை வரும், போர்வை புதிதாக இருக்கும். புதிதாக இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரியும், அது எப்படி மாறியது என்று நான் யோசித்ததில்லை. திரும்பிப் படும்மா. அவள் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை, கேட்டிருந்தால் பாட்டில் தெரிந்திருக்கும். யாரோ பட்டதைக் கேட்டு எழுதினது என்று எனக்குத் தோன்றியது ஏன் என்றால் அந்த யாரோ என் வீட்டு ஆட்கள், எனக்குத்தான் அவர்கள் யாரோ. ஐயோ. ஆரோன் இப்போது பெங்களூரில் இருக்கிறான், போன் எடுப்பதில்லை, எடுக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அடுத்தவன் வீட்டுத் துக்கம் எனக்கு இனித்தது, நம் வீட்டுத் துக்கம் நாறியது, ஒளித்து என்ன பிரயோஜனம்.

"என்ன டாடி, தூங்கிட்டீங்களா? தலை என் மேல சாயுது."

"இல்லம்மா. கண்ண மூடிட்டு இருக்கேன். தூசி."

"சொட்டு மருந்து போட்டீங்களா காலைல?" போட்டேன் என்கிறேன், போடவில்லை, காலையில் எங்கே சொட்டு மருந்து ஞாபகம். "நாலு வேளை சொல்லிருக்காங்க. டாக்டர் கேட்டா என்னத்தான் பாப்பாங்க," என்கிறாள். புரசைவாக்கம் வந்துவிட்டது, ஜவுளிக்கடை வாசலில் மைக்கில் கூவுகிறார்கள், பஸ் ஒன்று காதுக்குள்ளேயே ஹாரன் அடிக்கிறது. அவளுடைய குரலில் இப்போது எதையாவது தேடுகிறேன். என்னத்தான் பாப்பாங்க. கோபம் இருக்கிறதா? களைப்பா? சாதாரணமாகத்தான் இருக்கிறது. இந்த ஒரு வாரமும் சாதாரணமாகத்தான் இருந்தாள். அந்தப் பதிலை அவள் எப்போது கேட்டிருப்பாள்? கிளாரன்ஸ் எல்லோருக்கும் போன புதன்கிழமை சாயங்காலம் அனுப்பினான். புதன்கிழமை சாயங்காலம் ஆபரேஷன் முடிந்து நான் கண்ணில் கட்டோடு படுத்திருந்தேன், அவள் பக்கத்து அறையில் இருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் என் குறட்டை, அந்தப் பக்கம் போனில் என் குரல், போயி கொஞ்சம் வாழ்ந்துட்டு வாம்மா. அன்று ராத்திரி கஞ்சி கொண்டுவந்தாள். ஸ்பூனால் ஊட்டினாள். சூடா இருக்கா என்று கேட்டாள், இல்லை என்றேன். அதற்கு மேல் எதுவும் ஞாபகம் இல்லை, கட்டுப் போட்ட கண் பக்கம் உட்கார்ந்திருந்தாள், முகம் தெரியவில்லை, ஆனால் குரல், குரலில் ஏதாவது இருந்திருக்க வேண்டுமே, உனக்குத்தான் காது உண்டே எபநேசர், என்ன இருந்தது சொல். ஒன்றும் ஞாபகம் இல்லை. இன்னொன்று அதைவிட மோசம், அதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து தள்ளித் தள்ளி விடுகிறேன், அது திரும்பத் திரும்ப வந்து முன்னால் நிற்கிறது. அந்தப் பாட்டுகளைக் கேட்ட அன்று நான் ஹாலில் ஹெட்போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஷர்லின் காபி கொண்டுவந்து வைத்தாள், வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். எதற்கோ நின்றாள். நான் கையைக் காட்டினேன், பொறு, அப்புறம் என்று. எந்த எண் ஓடிக்கொண்டிருந்தது அப்போது? ஒன்பதா, பத்தா? பதினொன்றாக இருக்காது. இருக்கக் கூடாது. ஆனால் அவள் ஏன் நின்றாள்.

டவுட்டன் சிக்னலில் நிற்கிறோம். வண்டியை அணைத்துவிட்டு ஒரு காலை ஊன்றிக்கொள்கிறாள். இப்போது சத்தம் குறைவு, இப்போது சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? முதலில் அவள் திரும்பிப் பார்ப்பாள். பிறகு, பரவால்ல டாடி என்பாள். குளோரியும் அப்படித்தான், பரவால்ல என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனாள். அவள் கத்தினால் எனக்குச் சௌகரியம், கத்தமாட்டாள். எனக்குப் பயம் அது இல்லை. அவள் இனிமேல் பாடமாட்டாளோ என்று பயம். பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், ஒரு சொல் போதும், நான் பார்த்திருக்கிறேன். நாம் ஒரு வாக்கியம் நன்றாக வந்துவிட்டதே என்று சிரிப்போம், அந்த வாக்கியம் போய் ஒரு வாயை மூடிவிடும். அப்படி எத்தனை வாயை மூடியிருப்பேன். அவர்கள் பேரெல்லாம் எனக்குத் தெரியாது, எண்தான் தெரியும், அதனால்தான் தூக்கம் வந்தது. ஷர்லின் ஹெல்மெட்டுக்குள் ஏதாவது முணுமுணுக்கிறாளா என்று குனிந்து கேட்கிறேன். இல்லை. பக்கத்து வண்டியில் ஒரு குழந்தை அழுகிறது, அதன் அப்பா போனில் பேசுகிறான். பெயரைப் போட்டுவிடலாம் கிளாரன்ஸ். வேண்டாம் கிளாரன்ஸ். இரண்டையும் மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது, இரண்டிலும் நான்தான் பெரிய மனுஷன். என் பெண் பாடுகிறது எனக்குத் தெரியாது என்று சொல்கிற இடம் இரண்டிலும் இல்லை. "ஷர்லி," என்கிறேன். "ஆங்?" என்கிறாள். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் இருக்கிறவன் எங்கள் பரம்பரைக்கே கேட்கிற மாதிரி ஹாரன் அடிக்கிறான். "ஒன்னும் இல்ல, போ," என்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், பக்கத்துச் சந்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நான் இறங்குவதற்குத் தோளைக் கொடுத்தாள், இறங்கினேன், என் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். அவள் தன்னுடையதையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. வண்டியைக் கிளப்பவில்லை.

"காலைல கிளாரன்ஸ் அங்கிள் போன் பண்ணாரா டாடி?"

பண்ணினான் என்றேன்.

"எனக்கும் பண்ணாரு. நீங்க குளிக்கப் போனப்ப. போஸ்டர்ல என் பேரு வேணான்னு சொல்லிட்டேன்." கைப்பிடியில் இருந்த கண்ணாடியைத் துடைத்தாள். "அது இருக்கட்டும். ஒன்னே ஒன்னு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. அது நான்னு தெரிஞ்சு சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?"

காவலாளி விசிலை ஊதி, வண்டிய எடும்மா, எடும்மா என்று கையை வீசிக்கொண்டிருந்தார். தெரிந்துதான் சொன்னேன் என்றால் நான் கொடூரன். தெரியாமல் சொன்னேன் என்றால் மன்னிப்பு உண்டு, எங்கள் சட்டமே அதுதான், ஆள் தெரியாமல் சொல்வதுதான் நியாயம். அப்படித்தான் அந்த நிமிஷத்தில் நினைத்தேன், நியாயத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடலாம் என்று, கடவுள் சாட்சியாக அதுதான் உண்மையும்.

"தெரியாதும்மா," என்றேன். "சத்தியமா நீன்னு தெரியாது ஷர்லி. தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லுவனா?"

அவள் தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"தெரிஞ்சுதான் சொன்னீங்கன்னு இந்த ஒரு வாரமா நெனச்சிட்டு இருந்தேன்," என்றாள். "முதல் வரியிலயே கண்டுபுடிச்சிருப்பீங்க. அம்மா பேருல பாடுது, நம்ம வீட்டுக் கதைய எடுத்து வெளிய வெக்குது, வேணாம், இவள இப்பவே நிறுத்தணும்னு சொல்லியிருப்பீங்க. கோவமாத்தான் இருந்துது. ஆனா டாடிக்கு அம்மாவ நெனச்சா தாங்கல, அதான் அப்படிப் பேசிட்டாருன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். கஞ்சி ஊட்டறப்ப பாவமாக்கூட இருந்துது."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையில் ஹெல்மெட் இருந்தது.

"தெரியவே இல்லையா டாடி?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. எங்கேயோ வைத்த சாவியை, இங்கே இல்லையா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். காவலாளி மறுபடியும் விசில் ஊதினார், அவள் திரும்பவில்லை, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லம்மா என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.